செனகல் கரையில் நம்மூர் நீலத் துணி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் ஓய்வதில்லை. அங்கே நெய்யும் பேண்டேஜ் துணி கடல் கடந்து போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தறியை நம்பிய குடும்பங்கள் உண்டு. நெய்பவருக்குத் துணி யாரிடம் போய்ச் சேர்கிறது என்று தெரியாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இப்படித்தான், தமிழகத் துணி ஒன்று மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு உடையானது.

புதுச்சேரி அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. சுற்றுவட்டார ஊர்களில் நெய்து, அவுரிச் சாயத்தில் கருநீலமாகத் தோய்த்த பருத்தித் துணியை அவர்கள் 'கினே' என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அவர்கள் வழங்கிய பெயரே துணிக்கும் ஆனது. அது கப்பலில் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து செனகல் நதியின் முகத்துவாரத்தில் உள்ள செயின்ட் லூயி துறைமுகத்தில் இறங்கும்.

நதிக்கு வடக்கே, இன்றைய மௌரித்தானியாவில், அரபு பேசும் மூர் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். பாலைவன ஓரத்து வேல மரங்களின் பிசினைச் சேகரித்து நதிக்கரைச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். துணியில் வண்ணம் அச்சடிக்க ஐரோப்பிய ஆலைகளுக்கு அந்தப் பிசின் தேவை. அதற்கு விலையாக மூர்கள் கேட்டது கினே துணியைத்தான். 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் அத்துணியே நாணயம்போல் புழங்கியது.

ஐரோப்பாவிலேயே இதுபோல நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். மூர்கள் தடவிப் பார்த்தார்கள், மோந்தும் பார்த்தார்கள். அவுரியின் வாசம் இல்லையென்றால் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். கப்பலும் துறைமுகமும் வரியும் பிரெஞ்சுக்காரருடையவை. எது நல்ல துணி என்பதை மட்டும் அவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. புதுச்சேரியில் 1820களின் இறுதியில் நூற்பாலை எழுந்ததற்கும் இந்த நீலத் துணி வியாபாரம் முக்கியக் காரணம்.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் இந்தியத் துணி கொடுக்கப்பட்டது. நெய்த கைகளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அதே நதிக்கரையில், ஃபூத்தா தோரோ பகுதியில், 1776 வாக்கில் ஆலிம்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களின் தலைவர் அப்துல் காதிர் கான், முஸ்லிம்களைப் பிடித்து பிரெஞ்சு வியாபாரிகளுக்கு விற்பதைத் தடுக்கப் போராடினார். மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இன்றும் மௌரித்தானிய ஆண்கள் அணியும் தொளதொளப்பான அங்கி பெரும்பாலும் நீலம் அல்லது வெள்ளைதான். அதற்கான துணி இப்போது வேறு நாடுகளிலிருந்து வருகிறது.