முத்தமிழும் ஒருங்கு பயிலும் இடம்

இயல், இசை, நாடகம் என மூன்று கூறுடையது தமிழ் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் கல்லூரியில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பயிலும் நம்மனோர்க்கு வாய்ப்பது பெரும்பாலும் இயல் ஒன்றே. ஏனைய இரண்டையும் நூல் வாயிலாக அறிகின்றோமேயன்றிச் செவியானும் கண்ணானும் அறிதல் அரிதாயுள்ளது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படிப்போர்க்கு இக்குறை நன்கு புலப்படும். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறிய செய்தியையும், அவளைப் பயிற்றிய ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர்தம் இலக்கணத்தையும் உரையின் துணைகொண்டு பொருள் கூறிவிடலாம். ஆனால் அவ்வறுவரும் ஒருங்கு கூடி ஒரு மாணவியைப் பயிற்றும் முறையை மனத்தகத்தே காண்டல் எளிதன்று. அதனோடு ஒப்பிட்டுக் காணத்தக்க பயிற்சி இன்றும் நடைபெறும் இடம் ஒன்று சென்னையின் தென்பால், திருவான்மியூரில், கடலையடுத்து உளது. அதுவே கலாக்ஷேத்திரம். அதன் வரலாற்றையும், அங்கும் பிற இடங்களிலும் மாணவர்க்குள்ள வாய்ப்புக்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் (1904–1986). ருஷ்ய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஆடற்கலையில் ஈடுபட்ட இவ்வம்மையார், 1933ஆம் ஆண்டில் சென்னைச் சங்கீத வித்வத் சபையில் பந்தணைநல்லூர் மரபினர் ஆடியதைக் கண்டு, நம் நாட்டுக் கலையையே கற்பதெனத் துணிந்தார். உயர்குடிப் பெண்டிர் மேடையேறி ஆடுதல் இழிவெனக் கருதப்பட்ட காலம் அது. பலர் எதிர்ப்பினையும் பொருட்படுத்தாது 1935ஆம் ஆண்டில் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். அடுத்த ஆண்டு தைத்திங்கள் பிறக்குமுன், 1936 ஜனவரி 6ஆம் நாள், அச்சபையின் வளாகத்திலேயே பள்ளி தோன்றிற்று. 1962ஆம் ஆண்டில் அது திருவான்மியூரிலுள்ள தன் சொந்த நிலத்திற்குப் பெயர்ந்தது. பின்னர் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகவும் ஏற்கப்பட்டது.

இவ்விடத்து ஒன்றை மறவாது கூறல் வேண்டும். பள்ளியை அமைத்தவர் அம்மையாரேயாயினும், அங்குக் கற்பிக்கப்பட்ட செல்வம் புதிதாகத் தேடப்பட்டதன்று. அம்மையார்க்கு அபிநயம் கற்பித்த மயிலாப்பூர் கௌரியம்மாள், கபாலீசுவரர் கோயிலில் ஆடிவந்த மரபினர். பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் வழியில் வந்த நட்டுவனார். இம்மரபினர் வீடுகளிலே பல தலைமுறை காக்கப்பெற்ற கலைதான் பள்ளிக்கூடத்தில் எல்லார்க்கும் பொதுவாயிற்று. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, அது வேண்டப்படுவதே. எனினும், முறை ஒழிந்தபோது அக்குடிப் பெண்டிர் பலர்க்கு மேடையும் உடன் ஒழிந்தது என்பதும் உண்மை. புதிதாகக் கற்கப் புகுவோர் தாம் யார் பொருளைப் பெறுகின்றோம் என்று எண்ணிப்பார்த்தல் கடனாம்.

இனி, அங்குப் பயிற்சி நடைபெறுமாற்றை நோக்குவாம். ஆடல் பயில்வோர் முதற்கண் அரைமண்டியில் நிற்கப் பழகுவர். பின் தட்டடவு, நாட்டடவு முதலிய அடவுகளை ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டிச் சொற்கட்டுச் சொல்ல, மூன்று காலத்திலும் ஆடிப் பழகுவர். அவை உறுதிபெற்ற பின்னரே அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா எனத் தஞ்சை நால்வர் வகுத்த முறையில் உருப்படிகள் வரும். இசை பயில்வோர்க்குச் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனம் என்பது முறை. ஆடுவோர் பாடவும் கற்றல் வேண்டும் என்பது இப்பள்ளியின் கொள்கை. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், பாபநாசம் சிவன் முதலிய பெரியோர் இங்கு ஆசிரியராய் இருந்தமையின், ஆடலும் இசையும் ஒரே நிழலில் வளர்ந்தன.

பரதநாட்டியம், வாய்ப்பாட்டு, கருவியிசை, ஓவியம் முதலிய காண்கலைகள் ஆகியவற்றில் நான்காண்டுப் பட்டயப் படிப்பு இங்கு உண்டு. அதனை முடித்தோர் மேற்பயிற்சியும் பெறலாம். கைத்தறி நெசவும் கலம்காரியும் பயிலும் பகுதியும் இங்கு உளது. இஃதன்றி, 1949ஆம் ஆண்டில் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய அரசினர் இசைக் கல்லூரி, அடையாற்றங்கரையில் பிராடி மாளிகையில் நடைபெறுகின்றது. மதுரை, திருவையாறு, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலும் அரசினர் இசைக் கல்லூரிகள் உள்ளன; பல மாவட்டங்களிலுள்ள அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரம், தவில், தேவாரம் முதலியனவும் மூன்றாண்டு கற்பிக்கப்படுகின்றன. வெளியூர்களில் ஆசிரியராய் விளங்கும் நம் பழைய மாணவர், குரல்வளமுடைய ஏழைச் சிறாரைக் காணின், இப்பள்ளிகளை அவர்க்குக் காட்டுதல் பேருதவியாகும்.

தமிழ் மாணவர்க்கு இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்தை 1892இல் அச்சேற்றிய மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1942இல் மறைந்தபின், அவர் அரிதின் தொகுத்த ஏட்டுச் சுவடிகளைக் காக்க 1943இல் ஒரு நூல்நிலையம் நிறுவியவரும் ருக்மிணி தேவி அம்மையாரே. அஃது இன்று பெசன்ட் நகரில் உளது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகமாக அரங்கேறிற்று. ஏட்டைக் காத்த கையே ஏட்டிலுள்ளதை ஆடவும் செய்தது. குறவஞ்சியை நாம் சிற்றிலக்கிய வகையுள் ஒன்றென எண்ணிப் பாடம் செய்கின்றோம். பந்தாடும் வசந்தவல்லியையும் குறி கூறும் சிங்கியையும் அரங்கிற் கண்டோர்க்கு, அந்நூலின் சந்த வேறுபாடுகள் அடிவைப்பின் வேறுபாடுகளே என்பது விளங்கும்.

கிறிஸ்தவ மாணவர் இக்கலைகளைப் பயிலலாமோ என ஐயுறுவோர் நம்முள் உளர். அவர்க்கு நம் முன்னோரே விடை கூறிச் சென்றனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவரோடு உடன் பயின்ற சரபோஜி மன்னரின் அவையிலேதான் தஞ்சை நால்வரும் விளங்கினர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனை இயற்றினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இசை மகாநாடுகள் கூட்டிக் கருணாமிர்த சாகரத்தை 1917இல் வெளியிட்டார். நம் ஆலயங்களில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகள் இராகமும் தாளமும் அமைந்தனவே. இராகம் அறியாது அவற்றைப் பாடுதல், எழுத்தறியாது நூலை ஏந்துவதனோடு ஒக்கும்.

எல்லோரும் நான்காண்டு பயிலுதல் இயலாது. அஃது உடலையும் பொழுதையும் முழுதும் கேட்கும் கல்வி. ஆயினும் கேட்டலும் காண்டலும் எவர்க்கும் எளிய. மார்கழித் திங்களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபைதோறும் இசையும் ஆடலும் நிகழ்கின்றன. காலையிலும் நண்பகலிலும் இளங்கலைஞர் பாடும் அரங்குகள் பலவற்றில் கட்டணமும் இல்லை. அவ்விடுமுறையில் நாலைந்து நாளேனும் மாணவர் சென்று அமர்ந்து, கையில் தாளம் இட்டுக் கேட்பாராக. அதன்பின் அரங்கேற்று காதையை மீண்டும் ஒருமுறை படிப்பாராக. உரை தேடி அலைந்த இடங்கள் சில தாமே பொருள் தரக் காண்பர். இயலோடு இசையும் கூத்தும் கூடிய போதே நம் கல்வி முத்தமிழ்க் கல்வியெனும் பெயர்க்கு உரியதாகும்.