மீகாமன் என்னும் சொல்

கிரேக்க மொழியிலே கப்பலைச் செலுத்துவோனுக்குக் 'குபெர்நேத்தேஸ்' என்று பெயர். தமிழில் அவனை மீகாமன் என்போம். நாம் இன்று சாதாரணமாக வழங்கும் மாலுமி என்னும் சொல்லும், அவன் பிடிக்கும் சுக்கான் என்னும் சொல்லும் அரபு மொழியிலிருந்து வந்தவை. நிற்க, அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலே இரண்டே இடங்களில்தான் வருகின்றது.

முதலாவது, அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட பவுல், கிரேத்தாத் தீவின் துறையொன்றிலே, இனிப் பயணஞ் செய்தல் ஆபத்து என எச்சரித்தார். நூற்றுக்கதிபதியோ மீகாமனையும் கப்பற் சொந்தக்காரனையுமே நம்பினான். அவனைக் குறைகூறுதல் எளிது. ஆனால், நேயர்களே, கடலோடிப் பழகியவன் ஒருபுறம், கைதி ஒருபுறம் நின்றால் நாம் யாரை நம்பியிருப்போம்? கப்பல் உடைந்தது, அதிலிருந்த 276 பேரும் மெலித்தாத் தீவிலே உயிர்தப்பிக் கரையேறினர்.

மற்றையது வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரம். பாபிலோன் எரியும் புகையைக் கண்டு மீகாமர் தூரத்தே நின்று புலம்புகின்றனர். தீரு நகரின் வீழ்ச்சியை எசேக்கியேல் 27ஆம் அதிகாரத்திலே பாடிய புலம்பலின் எதிரொலி இது. அங்கே எபிரேயச் சொல் 'ஹோவேல்'. கயிறு எனப் பொருள்படும் 'ஹெவெல்' என்பதனோடு அதனைத் தொடர்புபடுத்துவர். பாய்க்கயிற்றை ஆள்பவன் என்று கொள்ளலாம். நீதிமொழிகளிலே நல்லாலோசனையைக் குறிக்கும் 'தஹ்புலோத்' என்பதும் அவ்வேரினதே என்பர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனைக் 'குபெர்நேசிஸ்', அதாவது கப்பல் செலுத்துதல், என்றே பெயர்த்தனர். அஃதில்லாதோர் இலைகளைப் போல உதிர்வர் என்பது 11:14இன் கிரேக்க வாசகத்தின் கருத்து. இலை எபிரேயத்தில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கைவண்ணம் போலும்!

இச்சொல்லையே பவுல் 1 கொரிந்தியர் 12:28இல், சபைக்கு அளிக்கப்பட்ட வரங்களுள் ஒன்றாக வைத்தார். மொழிபெயர்ப்புகள் பல இதனை ஆளுகை என்கின்றன. பிழையன்று, எனினும் ஆளுகை என்றதும் நமக்குச் சிங்காசனம் நினைவு வருகின்றது. கொரிந்தியருக்கோ இரு துறைமுகங்கள் இருந்தன. அவர்கள் காதிலே சுக்கான் ஒலித்திருக்கும். மீகாமன் கப்பலின் உடைமையாளன் அல்லன்; அலையில் அவனும் நனைகின்றான்.

இலத்தீனிலே இச்சொல் 'குபெர்னாத்தோர்' ஆயிற்று. அதன் வழியே 'கவர்னர்' என்பது பிறந்தது. 1948இல் நோர்பர்ட் வீனர் தம் புதிய கட்டுப்பாட்டியலுக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' எனப் பெயரிட்டதும் இந்தக் கிரேக்க மீகாமனை எண்ணியே.