போடிமெட்டு வீட்டில் கடல் மீன் வளர்க்கலாமா?

'போடிமெட்டில் ஏலத்தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறோம். ராமேஸ்வரம் போய் வந்ததிலிருந்து, அங்கே கண்ணாடித் தொட்டியில் பார்த்த ஆரஞ்சும் வெள்ளையுமான கடல் மீனை வீட்டில் வளர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மலை மேல் அது பிழைக்குமா? பிழைத்தால், பெருக்கி விற்கவும் முடியுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறோம்.

முதல் கேள்விக்குப் பதில்: பிழைக்கும். ஆனால், எந்த மீன் என்பதும், தோட்டத்து மருந்து தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் அதைத் தீர்மானிக்கும். இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருவோம்.

கோமாளி மீனே போதும்

பிள்ளைகள் பார்த்தது கோமாளி மீனாகத்தான் இருக்கும். 2003-ல் வந்த 'நீமோ' படத்துக்குப் பிறகு உலகம் முழுக்க இதற்குத்தான் கிராக்கி. கடலில் இது கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்குள் ஒளிந்து வாழும். தொட்டியில் கடல் சாமந்தி தேவையே இல்லை. ஒரு மண்சட்டியைச் சாய்த்து வைத்தால் அதையே வீடாக்கிக்கொள்ளும். எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் ஒரே ஈட்டில் பிறந்த இரண்டு குஞ்சுகளை வாங்கி விட்டால், நாளாவட்டத்தில் தானாகவே ஜோடியாகிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

இதைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணம், இது பண்ணையில் குஞ்சு பொரிக்கப்படும் மீன். கடைகளில் விற்கும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பங்கு பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களோ பெரும்பாலும் பவளப்பாறைகளில் இருந்து பிடித்து வருபவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளிய கதை உலகறிந்தது. அப்படிப் பிடித்த மீன் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும். சில வாரங்களில் சாகும். பாறையும் சாகும். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. 'பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா?' என்று கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். இதைவிடச் சின்னதாகத் தொடங்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய அதன் தன்மை சீக்கிரம் மாறும். புதியவர்களால் சமாளிக்க முடியாது. கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் ஐந்து சிமென்ட் மூட்டை எடை வரும். பலகை போட்ட தரையில் வைக்கக் கூடாது.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். இந்தத் தொட்டிக்கு ஆறரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கடையில் விற்கும் தூத்துக்குடி உப்பு இதற்கு ஆகாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிகமான பிறகு, மக்னீசியம் போன்றவை அடிநீரோடு வெளியே போய்விடும். மீனுக்கு அவையும் வேண்டும். அலங்கார மீன் கடைகளில் கடல் தொட்டிக்கென்றே தயாரித்த உப்புக் கலவை கிடைக்கும். அதைத்தான் வாங்க வேண்டும். கரைத்த பிறகு அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருக்கிறதா என்று மானி வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் உப்பு நீரை ஊற்றிவிடாதீர்கள். உப்பு தொட்டியிலேயேதான் இருக்கும். நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரி செய்யுங்கள்.

தண்ணீர் தயாரானதும் மீனை விட்டுவிடக் கூடாது. யூரியா போட்ட மண்ணில் என்ன நடக்கிறதோ அதேதான் தொட்டிக்குள்ளும் நடக்க வேண்டும். மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. காரத்தன்மை கூடிய கடல் நீரில் அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். இந்த பாக்டீரியா வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும், மலைக்குளிரில் கூடுதலாகவே ஆகும். மீன் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டுவாருங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் நாளில்தான் மீன். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றரை மாதம்தான் பெரிய சோதனை.

தோட்டத்து மருந்துதான் முதல் எதிரி

ஏலத்தோட்டத்து வீடுகளுக்கு இதுதான் முக்கியம். நகரத்துக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அழுகல் நோய்க்கு நாம் அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு. கடல் தொட்டியில் மிகச் சிறிய அளவு செம்பு கலந்தாலே இறால், நத்தை போன்றவை செத்துவிடும். அளவு கூடினால் மீனும் மிஞ்சாது. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்துகள் அதைவிட மோசம். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம்.

காற்று மோட்டார், அறையில் உள்ள காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வீட்டைச் சுற்றி மருந்து அடிக்கும் நாளில் அந்தச் சாரலையும் சேர்த்தே தள்ளும். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி, தொட்டியைக் கண்ணாடியால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிட்டு, தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். மருந்தடித்த கையை எத்தனை முறை கழுவியிருந்தாலும் தொட்டிக்குள் விடாதீர்கள். தெளிக்கப் பயன்பட்ட வாளி, தொட்டிப் பக்கமே வரக் கூடாது. கொசுவர்த்தியும் கொசு ஸ்பிரேயும் அந்த அறையில் வேண்டாம்.

தோட்டத்துப் படுதாக் குட்டைத் தண்ணீர், ஓடைத் தண்ணீர், கூரையில் வழியும் மழைநீர் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர்தான் பாதுகாப்பு. அதையும் செம்புக் குடத்தில் பிடித்து வைக்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கு மருந்தே செம்புதான். நோய் கண்ட மீனைத் தனித் தொட்டியில் விட்டு, அளந்து கொடுக்க வேண்டியது அது. பெரிய தொட்டியில் ஊற்றினால் கல்லிலும் அடிமணலிலும் செம்பு ஏறி, பிறகு அந்தத் தொட்டியில் இறாலே வைக்க முடியாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்ற வேண்டும். எடுத்த தண்ணீரில் 700 கிராம் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பழக்கதோஷத்தில் ஏலச்செடித் தூரில் ஊற்றிவிட்டால் செடி போய்விடும். உரக்குழிக்கும் ஆகாது.

குளிரும் கரன்ட்டும்

இந்த மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். போடியில் சித்திரை வெயிலுக்குத் தொட்டியைக் குளிர்விக்க வேண்டியிருக்கும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் கணக்கு தலைகீழ். மார்கழி இரவில் ஹீட்டர் இல்லாவிட்டால் மீன் விறைத்துவிடும். 190 லிட்டருக்கு 200 வாட் ஹீட்டர் தேவை. ஒன்றே 200 வாட்டாக வாங்காமல் 100 வாட்டில் இரண்டு வாங்கினால், ஒன்று கெட்டாலும் இரவு தாண்டும்.

காற்றடி காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போவது மலைக்குப் புதிதில்லை. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். கரன்ட் இல்லாத நேரத்தில் தீவனம் போடாதீர்கள். தொட்டியைப் போர்வையால் சுற்றி வைத்தால் சூடு மெதுவாகத்தான் இறங்கும்.

இவற்றை வாங்காதீர்கள்

'டோரி' என்று கேட்டு வாங்கும் நீல மீன், நீண்ட தூரம் நீந்தும் ஜாதி; மூன்றடித் தொட்டிக்குள் அடங்காது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, பவள உயிரிகளைத் தின்று வாழ்பவை; நம் தீவனத்தைத் தொடாமல் பட்டினியில் சாகும்.

பவளம், கடல் குதிரை இரண்டும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 'உயிர்க்கல்' என்று சொல்லித் தந்தாலும், காய்ந்த பவளத்துண்டாக இருந்தாலும் வாங்காதீர்கள். சிறை வரை போகும் குற்றம் அது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில், விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. பாறைதான் அலையைத் தடுத்துத் தீவைக் காத்து வந்தது. வீட்டுத் தொட்டிக்குச் சுட்ட மண்சட்டித் துண்டுகளும், அடியில் பரப்பக் கழுவிய கிளிஞ்சல் தூளும் போதும். கிளிஞ்சல், தண்ணீரின் காரத்தன்மை குறையாமலும் பார்த்துக்கொள்ளும்.

விற்றுச் சம்பாதிக்க முடியுமா?

மலை மேல் கோமாளி மீனைப் பெருக்கி விற்பதை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. ஜோடி சேர்ந்த மீன் மாதம் இரண்டு முறைகூட முட்டையிடும். ஒரு ஈட்டில் சில நூறு முட்டை இருக்கும். ஆண் மீன் விசிறிக் காவல் காக்கும். ஒரு வாரத்தில் பொரிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரைத்தான் குஞ்சு முதலில் தின்னும். அதை வளர்க்கக் கடல் நீரில் பாசி வளர்க்க வேண்டும். கடற்கரைக்காரருக்குத் தண்ணீர் சும்மா கிடைக்கிறது. நீங்கள் ஒவ்வொரு லிட்டருக்கும் உப்பு வாங்க வேண்டும். போட்டி போட முடியாது.

வருமானம்தான் நோக்கம் என்றால் நன்னீர் அலங்கார மீனில் இறங்குங்கள். போடி, தேனி பக்கம் வெயில் இருப்பதால் கப்பி, மோலி சிமென்ட் தொட்டியிலேயே பெருகும். போடிமெட்டுக் குளிருக்குத் தங்கமீன் தோது. சென்னை கொளத்தூர்தான் பெரிய சந்தை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வைத்து, பொதுப் பிரிவுக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம் மானியம் நிர்ணயித்தார்கள். இப்போது நிதி ஒதுக்கீடு இருக்கிறதா என்று மாவட்ட மீன்வளத் துறையில் கேட்டுவிட்டுத் தொட்டி கட்டுங்கள், கட்டிவிட்டுக் கேட்காதீர்கள். வளர்க்கும் எந்த மீனையும் ஓடையில் விடாதீர்கள். கொட்டகுடி ஆற்றுக்குள் போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

மீனைக் கொண்டுவரும்போது

பழைய 49-ம் எண் நெடுஞ்சாலை கொச்சியில் தொடங்கி, உங்கள் போடிமெட்டு வழியாக மதுரை, மண்டபம் தாண்டி தனுஷ்கோடியில் முடிந்தது. அந்தப் பாதையிலேயே மீனும் வரலாம். புறப்படுவதற்கு முந்தின நாள் தீவனம் கொடுக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பையைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து இரவில் பயணம் செய்யுங்கள். மலை ஏறும்போது பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் அடைத்த மீன் பையும் அப்படித்தான் உப்பும். கடற்கரையில் விறைப்பாகக் கட்டிய பை மெட்டு ஏறும்போது வெடிக்கலாம். முக்கால் பங்கு மட்டும் காற்றடைத்து, இரட்டைப் பையில் கட்டச் சொல்லுங்கள். வீடு வந்ததும் கட்டைப் பிரிக்காமல் அரை மணி நேரம் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு அவிழ்த்து, தொட்டித் தண்ணீரை அரை டம்ளர் அரை டம்ளராக ஒரு மணி நேரம் பைக்குள் சேர்த்துவாருங்கள். கடைசியில் மீனை வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அன்று விளக்கை அணைத்து வையுங்கள். தீவனம் மறுநாள் கொடுத்தால் போதும்.