நூலாசிரியரே பிரசுரகர்த்தர்

1920-ம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட உத்தேசித்தார். வேண்டிய முதலைக் கடனாகத் தந்துதவுமாறு நண்பர்களுக்குச் சுற்றறிக்கையும் விடுத்தார். அவர் எண்ணிய முதல் சேரவில்லை; 1921-ம் ஆண்டில் காலஞ்சென்றார். கவிதைக்கு அன்று பஞ்சமில்லை. காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்குமே பஞ்சம்.

அப்பஞ்சம் இப்பொழுது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்பதை நம்மவர் பலர் இன்னும் அறியார். தட்டு செய்து அச்சேற்றும் ஆப்செட் முறையில் முதற் பிரதிக்கே பெருஞ் செலவு பிடிக்கும். ஆயிரம் பிரதி எடுத்தால்தான் விலை கட்டுப்படும். டிஜிட்டல் அச்சு யந்திரத்துக்கோ தட்டு வேண்டுவதில்லை. கம்ப்யூட்டரில் கோத்த பக்கங்களைச் சேமித்து வைத்து, ஒருவர் கேட்டால் ஒன்று, பதின்மர் கேட்டால் பத்து என்று அச்சிட்டனுப்பலாம். அமெரிக்காவில் இங்கிராம் கம்பெனியார் 1997-ல் இதனைப் பெருந் தொழிலாகத் தொடங்கினர். நம் நாட்டில் பெங்களூரில் போத்தி டாட் காம் 2008-லும், சென்னையில் நோஷன் பிரஸ் 2012-லும் தோன்றின.

இதன் நன்மை வெளிப்படை. விலையாகாத பிரதிகள் வீட்டு மூலையில் கரையானுக்கு இரையாவதில்லை. மனைவியின் நகை அடகுக்குப் போவதில்லை. ஆயினும் இதில் நூறாவது பிரதிக்கும் முதற் பிரதிக்கும் செலவு ஒன்றே. ஆகவே ஐம்பது நூறு பேர் வாங்கும் நூலுக்கு இம்முறை தக்கது. ஆயிரம் பேர் நிச்சயமாக வாங்குவரெனின் பழைய முறையே லாபம்.

நன்மையைக் கூறியபின் அபாயத்தையும் கூறுதல் நம் கடமை. ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர், ஒரு கம்பெனியாருடன் செய்துகொண்ட உடன்படிக்கையைச் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் கொணர்ந்தார். திருத்தம், விளம்பரம், விமர்சனம் என்று பல பெயரால் தம் சேமிப்பில் பெரும்பகுதியைக் கட்டியிருந்தார். நூலில் பிழை மலிந்திருந்தது. விற்பனைக் கணக்கு வரவில்லை. எல்லாவற்றிலும் கொடியது, உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்திருந்ததே. அச்சுக்கூலியும் தாம் கொடுத்து நூலையும் தாம் இழப்பது எவ்வகை வியாபாரம்?

சட்டம் ஆசிரியருக்குப் பகையன்று. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய மாத்திரத்தில் உரிமை ஆசிரியருடையது. பதிவு செய்தல் கட்டாயமன்று. அவர் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டு அது நிலைக்கும். 19-வது பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்து மூலம் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது. காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டும் என்றுமே கொள்ளப்படும். ஆனால் காலத்தையும் எல்லையையும் தெளிவாகக் குறித்த பத்திரத்தில் படியாமற் கையெழுத்திட்டவருக்கு இப்பாதுகாப்பு உதவாது. உலகெங்கும், என்றென்றும் என்ற சொற்களைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். அச்சிட்டு விற்கும் அனுமதி மட்டும் அளியுங்கள். அதனை விலக்கிக்கொள்ளும் வழியையும் எழுதி வாங்குங்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் பெருந்தொகை கேட்பாருமுளர். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரால் அமைந்த தேசிய நிலையம் அவ்வெண்ணை இலவசமாக வழங்குகிறது. தம் பெயரிலேயே அதனைப் பெறுபவர் பிரசுரகர்த்தர் ஆகிறார். கடமையும் அவரைச் சார்கிறது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் தம் செலவில் பிரதி அனுப்புதல் வேண்டும். நூறு பிரதியே விற்ற நூலும் நூறாண்டு வாழ இதுவே வழி.

பிரசுராலயத்தார் இருந்தவிடத்தில், பிழை திருத்துவார் ஒருவர் இருந்தார். வேண்டாதவற்றை வெட்டுவாரும் இருந்தார். தாமே வெளியிடுபவர் அவ்விருவரையும் தேடிக்கொள்ளல் வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுதல் வழக்கம். ஆதலால் விற்பனைக்கு விடுமுன் ஒரு பிரதி தருவித்து, தமிழ் நன்கறிந்த நண்பரிடம் கொடுத்து வரி வரியாகப் பார்த்துவிடுக.

1910-ம் ஆண்டு அச்சுச் சட்டத்தின் கீழ் அந்நிய சர்க்கார் அச்சுக்கூடங்களிடம் ஜாமீன் தொகை கேட்டது. அதற்கஞ்சி அச்சிட மறுத்தாருமுண்டு. அத்தடை 1922-ல் நீங்கியது; முதல் இன்மை என்னும் தடை நம் நாளில் தளர்ந்தது. இனி எஞ்சியது நம் சோம்பலே. தொழிற்சங்கம் கட்டியவர், சிறை சென்றவர், ஊர்ச் சரித்திரம் தொகுத்தவர் ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகள் எத்தனை வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் மக்குகின்றன! அன்பர்களே, உங்கள் ஊரில் அத்தகைய பெட்டி ஒன்றிருந்தால் இவ்வாரமே திறந்து பாருங்கள். எழுதியவர் இருக்கும்போதே அச்சேறட்டும்.