நாய்க்கு ஈரல் கெட்டால் என்ன சாப்பாடு கொடுப்பது?

1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன நம்ம சொந்தக்காரர்கள் பலர் பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்து வாழ்கிறார்கள். அங்கே வயலுக்கும் வீட்டுக்கும் நாய்தான் காவல். நம்ம லயத்திலும் அப்படித்தானே! காலபோக மழையில் வயலில் தண்ணீர் தேங்கும்போது எலியின் சிறுநீரும் அதில் கலக்கும். அந்தத் தண்ணீரில் அலையும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வந்தால் ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். மலையில் எலி ஓடும் கான் ஓரங்களிலும் இதே ஆபத்து உண்டு.

கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாவது, சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறமாகப் போவது, வாந்தி, சோர்வு, சாப்பிட மறுப்பது ஆகியவை அடையாளங்கள். ஆனால் எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் கெட்டும் மஞ்சள் வரும். பூஞ்சணம் பிடித்த சோளம், கடலை, புண்ணாக்கு தின்றாலும் ஈரல் கெடும். அந்த நஞ்சு அவித்தாலும் போகாது. ஆகவே முதலில் அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு, சுணங்கினால்தான் ஆபத்து.

"ஒரு பனடோல் குடுத்தா சரியாயிரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பனடோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும்.

சாப்பாடு எப்படி?

ஈரல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் உறுப்பு. அதற்குச் சத்து வேண்டும், பட்டினி போடக் கூடாது. ஒரே நேரத்தில் வயிறு நிறையக் கொடுக்காமல், நாளுக்கு நாலு ஐந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழைந்த சோறு, அவித்த முட்டை, தோல் நீக்கி அவித்த கோழி இறைச்சி, கொஞ்சம் தயிர், அவித்த பூசணி நல்லது. குடிக்கச் சுத்தமான தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

"மஞ்சள் காமாலைக்கு இறைச்சியே ஆகாது" என்பார்கள். எல்லா நாய்க்கும் அப்படியில்லை. நாய் தள்ளாடினால், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றால், ஈரல் கழிக்க வேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறியிருக்கலாம். அப்போதுதான் இறைச்சியைக் குறைத்து, முட்டை, தயிர், சோயா என்று வைத்தியர் மாற்றச் சொல்வார். சிறுநீரகமும் கெட்டிருந்தால் அளவை அவரே சொல்லுவார்.

"ஈரலுக்கு ஈரல்" என்று ஆட்டு ஈரல் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. ஈரலில் செம்புச் சத்து அதிகம். சில நாய்களின் ஈரல் நோயில் செம்பு சேர்வதே கேடு. அதனால் அதைத் தவிர்ப்பது நல்லது. வெங்காயம், உள்ளி, எண்ணெயில் பொரித்தது, மீந்த கறி, கருவாடு வேண்டாம். வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் உப்பு அறவே ஆகாது.

சத்து மாத்திரைகள்

சிலிமரின், விற்றமின் ஈ, 'சேம்' என்ற மாத்திரை ஆகியவற்றை வைத்தியர் எழுதிக் கொடுப்பதுண்டு. 'சேம்' மாத்திரையை வெறும் வயிற்றில், பிய்க்காமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். இவை துணைக்குத்தான், நோய்க் கிருமியைக் கொல்லாது. நமக்குக் கைகண்ட கீழ்காய்நெல்லியை நம்பி மருந்தை நிறுத்தினால் நாயை இழக்க நேரிடும்.

நம்ம பாதுகாப்பு

இதுதான் முக்கியம். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும். 2008இல் நம் நாட்டில் 7000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. நோயாளி நாயைப் பிள்ளைகள் கொஞ்ச விடாதீர்கள். அது சிறுநீர் கழித்த இடத்தைக் கையுறை, செருப்போடு ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், உடம்பு உளைச்சல், கண் சிவப்பு வந்தால், வீட்டு நாய்க்கு நோய் என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாய் தேறியதும் எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஆண்டுதோறும் போடும் விசர்நோய்த் தடுப்பூசி இதைத் தடுக்காது. சாப்பாட்டு மிச்சத்தை மூடி வைத்து, எலி வராமல் பார்த்துக்கொண்டால் நாய்க்கும் நல்லது, நம்ம பிள்ளைகளுக்கும் நல்லது.