கடலின் அடிக்கே காரில் போகலாம், தெரியுமா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் விளிம்பிலிருந்து இறங்க ஆரம்பித்து, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போய், கொலராடோ ஆற்றைத் தொடும் இடத்தில் உங்களை வரவேற்கும் கரும்பாறைக்கு என்ன பெயர் தெரியுமா? விஷ்ணு! ஆமாம், நம்ம விஷ்ணுதான். புவியியல் புத்தகங்களில் அந்த அடிப்பாறைக்கு விஷ்ணு என்றே பெயர். பக்கத்திலேயே இன்னொரு பாறைக்கு பிரம்மா என்று பெயர்!

சிவனின் அடியைத் தேடி வராகமாய் மண்ணைக் குடைந்துகொண்டு போன பெருமாள் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று திருவண்ணாமலைக்காரனான எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. அரிசோனாவில் இருக்கிறார்!

சிவன் மட்டும் விடுவாரா? அதே பள்ளத்தாக்கில் 7,600 அடிக்கு மேல் உயரமான, தலை தட்டையான ஒரு மலைக்கு 'சிவா டெம்பிள்' என்று பெயர். 1880களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் அங்குள்ள சிகரங்களுக்குக் கீழைத் தெய்வங்களின் பெயர்களாகச் சூட்டித் தள்ளினார். 1937இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்தச் சிவன் மலை உச்சிக்கு ஒரு குழுவையே அனுப்பியது. பல்லாயிரம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பில்லாத உச்சி, அங்கே எலியும் அணிலும் தனி வழியில் மாறிப்போயிருக்குமோ என்று ஆவல். ஏறிப் பார்த்தால் காலி கோடாக் பிலிம் பெட்டி ஒன்று கிடந்தது! எமரி கோல்ப் என்ற உள்ளூர் போட்டோக்காரர் முன்னாடியே ஏறி இறங்கியிருந்தார். அவரைக் குழுவில் சேர்க்கவில்லையாம். பின்னே என்ன செய்வார் மனுஷன்?

இன்னொன்று தெரியுமா? அந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பழைய பாறைக்கே வயது சுமார் 184 கோடி ஆண்டுதான். நம்ம வட தமிழ்நாட்டின் அடிப்பாறைக்கோ 250 கோடி! அவர்கள் ஒரு மைல் இறங்கிப் போய்ப் பார்க்கும் பாறையைவிட மூத்த பாறைமேல் நாம் தினமும் பால் வாங்கப் போகிறோம்.

இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி அக்கா பையனிடம் சொல்லித் தொலைத்தேன். அவனுக்குப் பத்து வயது. "அப்ப நம்ம ஊர்ல பள்ளத்தாக்கு எங்க மாமா இருக்கு?" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காரை எடுத்துவிட்டோம். ஓட்டினது என் மச்சான். முடிந்தவரை பெரிய ரோட்டில் ஏறுவதில்லை, ஊருக்குள் புகுந்து போகிற ரோடுதான் என்று முன்பே பேச்சு.

கிழக்கே நாற்பது கிலோமீட்டர் போவதற்குள் செஞ்சி வந்துவிடும். ரோட்டின் இரண்டு பக்கமும் யாரோ ராட்சசன் கூடை கூடையாகக் கொட்டி வைத்ததுபோல் உருண்டைப் பாறைகள். யாரும் கொட்டவில்லை! பூமிக்கடியில் இறுகிய கிரானைட், மேலே இருந்த பாரம் கரைந்து போகப்போகக் குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. வெடிப்புக்குள் தண்ணீர் போனது. கட்டியின் நடுப்பக்கத்தைவிட மூலைகள் சீக்கிரம் மக்கின, ஏனென்றால் மூலையைத் தண்ணீர் மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கும். மக்கினதை மழை அடித்துக்கொண்டு போக, நடுவிலிருந்த உருண்டை மட்டும் நின்றுவிட்டது. வெங்காயத் தோல்போலப் பாறை உரிந்து நிற்பதைக் கையால் தடவியே பார்க்கலாம்.

செஞ்சிக் கோட்டைக்குள்ளும் ஒரு குட்டிப் பள்ளத்தாக்கு உண்டு, தெரியுமா? ராஜகிரி உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுமார் 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான் வழி. பாலத்தை எடுத்துவிட்டால் வெளியே எத்தனை பெரிய படை நின்றாலும் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகை போட்டு 1698 வரை காத்துக் கிடந்தார் என்றால் சும்மாவா! 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பிடித்த ஒரே கோட்டை இது.

அங்கிருந்து கரும்பு வயலும் சவுக்குத் தோப்புமாகப் போகிற ரோடுகளில் திருவக்கரை. பெரும்பாலான கார்கள் வக்கிரகாளியம்மன் கோயிலோடு திரும்பிவிடுகின்றன. கோயிலும் சாதாரணமில்லை. செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய சந்திரமௌலீசுவரர் சன்னதியில் லிங்கத்துக்கு மூன்று முகம்! ஆனால் எங்கள் பையன் இழுத்துக்கொண்டு ஓடியது ஊருக்குக் கிழக்கே இருக்கிற கல்மரப் பூங்காவுக்கு.

உள்ளே போனால் வெட்டிப் போட்ட மரங்கள். அப்படித்தான் தோன்றும். பட்டை தெரிகிறது, வைரம் தெரிகிறது, குறுக்கே பார்த்தால் வளையம் வளையமாக ஆண்டுக்கோடு தெரிகிறது. தட்டினால் கணீரென்று கல்! 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள். சிலது 15 மீட்டர் நீளம். புளிய மரத்துக்கும் ஆமணக்குக்கும் தூரத்துச் சொந்தங்கள் இதில் உண்டு. இவற்றைப் பற்றி முதலில் எழுதியவர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர், அதுவும் 1781இல்.

மரம் எப்படிக் கல்லாகும்? பெரிய வெள்ளம் மரத்தை அடித்து வந்து மணலில் புதைத்தது. காற்றே படாததால் மக்கவில்லை. மணலில் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு கண்ணறையாகப் புகுந்து படிந்தது. மரம் கொஞ்சம் கொஞ்சமாய்க் காலி செய்ய, கல் குடி வந்துவிட்டது. வெள்ளத்தில் வந்த மரம்தான் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒன்றில்கூடக் கிளை இல்லை, வேர் இல்லை, இலை இல்லை! உருண்டு புரண்டு வந்ததில் எல்லாம் ஒடிந்து போய் நடுமரம் மட்டும் மிச்சம்.

ஊரில் கேட்டால் வேறு கதை. வதம் செய்யப்பட்ட வக்கிராசுரன் வகையறாவின் எலும்புகள் இவை! அறிவியலைவிட இந்தக் கதைதான் பையனுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

அங்கிருந்து இன்னும் கிழக்கே போய் ஆரோவில். மாத்ரி மந்திரின் தங்க உருண்டைக்குத்தான் கூட்டம். ஆனால் 1968 பிப்ரவரி 28இல் தொடக்க விழாவில் 124 நாட்டு மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டபோது அந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு ஆலமரம், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மொட்டைச் செம்மண்! காடெல்லாம் பிறகு வைத்தது. காட்டை இழந்த செம்மண் மேட்டை ஐப்பசி, கார்த்திகை மழை அறுத்து அறுத்துக் கடலுக்குக் கொண்டுபோனதில் ஆள் உயரத்துக்கும் மேலே சுவர் வைத்த ஓடைகள் உண்டாயின. கிழக்குப் பக்கம் இன்னும் பார்க்கலாம். உள்ளே இறங்கி நின்றால் மேலே வானம் ஒரு சிவப்பு ஜாடியின் வாய்போலத் தெரிகிறது. அழகுதான். மண் ஓடிப்போன அழகு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்த பயணம்தான் கூத்து. "சாத்தனூர் கல்மரம் போகலாம்" என்றேன். மச்சான் போன் மேப்பில் சாத்தனூர் என்று போட்டான். முக்கால் மணி நேரத்தில் வந்து நின்றது சாத்தனூர் அணை! முதலைப் பண்ணையும் வறுத்த மீன் கடையும்தான் இருந்தன. ஐயனாருக்குச் சாத்தன் என்று ஒரு பெயர் உண்டு, அதனால் ஊருக்கு ஊர் சாத்தனூர். மூலன் என்ற இடையர் மாடு மேய்த்து, அவர் உடம்பில் ஒரு சித்தர் புகுந்து திருமூலரான கதை நடந்த சாத்தனூர் மூன்றாவது!

வந்ததற்கு மீன் தின்றுகொண்டே ஒரு விஷயம் சொன்னேன். 1958இல் கட்டிய இந்த அணையில் 119 அடிக்கு நிற்கிற தென்பெண்ணைக்கு ஒரு கூடப்பிறந்தவள் இருக்கிறாள், தெரியுமா? கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில்தான் இரண்டு பேரும் பிறக்கிறார்கள். ஒருத்தி தெற்கே திரும்பி நம் பக்கம் வந்தாள். இன்னொருத்தி, வட பெண்ணை, ஆந்திராவுக்குப் போய்க் கடப்பா மாவட்டத்தில் செம்பாறையைச் செங்குத்தாக அறுத்து கண்டிக்கோட்டையில் ஒரு முழுப் பள்ளத்தாக்கையே உண்டாக்கிவிட்டாள்! ஆழம் சுமார் 300 அடி. தெலுங்கில் கண்டி என்றால் மலையிடுக்கு. விளிம்பில் கோட்டை, உள்ளே கோயிலும் மசூதியும். வேலூர், சித்தூர், கடப்பா என்று ஒரு பகல் ஓட்டினால் போய்விடலாம். "அக்காவா தங்கச்சியா?" என்று கேட்டான் பையன். அதைப் பெண்ணைகளிடம்தான் கேட்க வேண்டும்.

சரியான சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருச்சி ரோட்டைவிட்டுக் கிழக்கே திரும்பியதும் பருத்தி, மக்காச்சோளம், கரிசல் மண். அந்தக் காட்டுக்கு நடுவே, கம்பி வேலிக்குள், 18 மீட்டருக்கும் மேல் நீளமாகப் படுத்துக் கிடக்கிறது ஒரே மரம். வயது சுமார் 12 கோடி ஆண்டு! திருவக்கரை மரங்கள் இதற்கு நேற்றுப் பிறந்த குழந்தைகள். இது பூக்காத மரம், ஊசியிலை வகை. 1940இல் இதைப் பதிவு செய்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன், நம்ம தஞ்சாவூர்ச் சீமைக்காரர்.

மரம் கிடக்கிற மண்தான் அதைவிட அதிசயம். அது கடல் மண்! அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டு இந்தியா பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது பிளவில் கடல் புகுந்தது. அரியலூரும் பெரம்பலூரும் கடலுக்கடியில் போயின. மரம் மிதந்து வந்து கடலில் முழுகி, சேற்றில் புதைந்தது.

அந்தக் கடலின் அடித்தரையைப் பார்க்கப் பக்கத்திலேயே காரை என்ற ஊருக்குப் போக வேண்டும். தார் ரோடு முடிந்து மண் தடம், அதுவும் முடிந்து காலடித் தடம். காரை நிறுத்திவிட்டு ஒரு மேடு ஏறி அந்தப் பக்கம் பார்த்தோம். மச்சான் "ஏய்!" என்றான், அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மரம் இல்லை. பழுப்பும் சாம்பலும் மஞ்சளுமாகக் களிமண் மேடுகள், மடிப்பு மடிப்பாக, நடுவில் விரல் விரலாய்ப் பிரிந்து ஓடுகிற ஓடைகள். கௌபாய் படத்தை இங்கேயே எடுத்திருக்கலாம்!

குனிந்தால் இன்னும் வேடிக்கை. தரையெங்கும் கண்ணாடிச் சில்லாய் மின்னுவது ஜிப்சம். துப்பாக்கித் தோட்டாபோல விரல் நீளத்தில் ஒன்று கிடந்தது. கணவாய் மீனின் பழைய சொந்தமான பெலெம்னைட்டின் உள்ளோடு அது. வெயிலில் சூடேறி, வழவழவென்று, ஒரு முனை கூராக. சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் நீந்திய உயிர்! சுருட்டிய நத்தைபோல இருந்தால் அம்மோனைட். வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் வைத்திருக்கிறீர்களா? நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருகிற அதுவும் அம்மோனைட்தான்! 1860களிலேயே இந்தப் பக்கத்து அம்மோனைட்டுகளை வகை பிரித்து எழுதிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா செக் நாட்டில் பிறந்தவர். லடாக்கில் லே ஊரில் அவர் கல்லறை இருக்கிறது.

2020இல் இதே மாவட்டத்தில் குன்னம் பக்கம் ஏரியில் உருண்டை உருண்டையாய்க் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பறந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முட்டை இல்லை. அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய மண் உருண்டைகள்! அதற்காக டைனோசரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இல் உலகுக்கு அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! பெயர் புருகத்காயோசரஸ், பெரிய உடம்புப் பல்லி. தரையில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம். எலும்பு எங்கே என்கிறீர்களா? உளுத்துப் போயிருந்த அது மழையில் ஊறி உதிர்ந்தே போய்விட்டது. மிச்சம் சில படங்கள்தான்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு தாத்தா நின்று பார்த்தார். "கல்லு பொறுக்க வந்தீங்களா? வெளியூர்க்காரங்க மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போயிடறாங்கய்யா, அப்புறம் இங்க என்னதான் இருக்கும்?" என்றார். பையன் பாக்கெட்டிலிருந்து தோட்டாக் கல்லை எடுத்து, கிடந்த இடத்தையே தேடிப்பிடித்து வைத்தான்.

திரும்பும்போது அரியலூர்ப் பக்கம் சுற்றி வந்தோம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். இந்த ஊரில் ஏன் இத்தனை சிமெண்ட் ஆலைகள் தெரியுமா? அந்தக் கடலில் வாழ்ந்து செத்த சிப்பிகள் படிந்து இறுகியதுதான் இங்கத்துச் சுண்ணாம்புக்கல்! அதைச் சுட்டு, அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்த்தால் சிமெண்ட்.

வீட்டுக்கு வந்ததும் பையன் போர்டிகோவில் வண்ணம் பூசாத சிமெண்ட் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான். "என்னடா?" என்றேன்.

"கடல் சத்தம் கேக்குதான்னு பாக்கறேன் மாமா."