இறாலுக்கு இடம் ரெடியா?

தொட்டி வாங்கியாச்சு, மணல் போட்டாச்சு, தண்ணியும் பளிங்கு மாதிரி இருக்கு. "மச்சி, சென்னை கொளத்தூர் போய் செர்ரி இறால் வாங்கிட்டு வந்துடலாமா?" பொறுங்க ஃப்ரெண்ட்ஸ்! ஆசையா திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ கொண்டுவந்த இறால், சில நாள்லயே வரிசையா செத்துடலாம்.

தெளிஞ்ச தண்ணி வேற, தயாரான தண்ணி வேற. கழிவுலேர்ந்து வர்ற அமோனியா இறாலுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை அவ்வளவா தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இந்த ரெண்டு கோஷ்டியும் ஃபில்டர்ல குடியேற பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் ஃபில்டரை ஓடவிட்டு, காலித் தொட்டியில தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுக விடுங்க. (அம்மா திட்டத்தான் செய்வாங்க!)

டெஸ்ட் கிட்ல அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் கொஞ்சம். தீவனம் போட்டுக்கிட்டே ஒரு வாரம் இதே ரிசல்ட் வந்தா பாஸ். ஆனா ஒரு அரியர் பாக்கி: இறால் மேய கண்ணாடியில பாசி படரணும்.

மரக்காணம் பக்கத்து இறால் பண்ணைகளைக் கவனிங்க. குளத்துத் தண்ணி பச்சையோ பழுப்போ நிறம் பிடிச்ச பிறகுதான் குஞ்சு விடுவாங்க. நீங்களும் முதல்ல அஞ்சாறு மட்டும் விடுங்க.